சத்தி இருக்கோ?

மே 8, 1956. கெலமங்கலம்

இன்றைக்கும் ஒருத்தி கேட்டாள்: "அம்மா மலையாளமா?" யாழ்ப்பாணம் என்றேன். "அது பாலக்காட்டுப் பக்கமா?" சிலோன் என்றேன். "சிலோன்லயும் தமிழ் பேசுவாங்களா?" பேசாமல், பின்னே குரைப்பார்களா?

இவருக்கு இங்குள்ள மாட்டுப் பண்ணையில் டாக்டர் வேலை கிடைத்தபோது, "தமிழ்ச் சனந்தானே, பாஷைக் கஷ்டம் இல்லை" என்று சொல்லித்தான் என்னைக் கப்பலேற்றினார். மாட்டுக்குப் பாஷை வேண்டாம். மருந்தகத்தில் நர்ஸாக இருக்கிற எனக்கு வேண்டுமே! வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு. கொஞ்சம் கன்னடம். மிச்சப் பேர் பேசுவதும் தமிழாம். ஆயா நஞ்சம்மா மூன்றும் பேசுவாள், ஒரே வாக்கியத்தில்.

மே 11

ஒரு பெரியவர் ஏதோ கேட்டார். "ஓம், ஓம்" என்றேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் 'ஓம்' இங்கே 'ஆமா'வாம். நஞ்சம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மே 20

குளிர். மே மாதத்தில் குளிர்! இந்திய வெயிலில் வெந்துபோவாய் என்று அம்மா பருத்திச் சேலையாகக் கட்டிக் கொடுத்தா. இவருடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஊசி போடுகிறேன்.

மே 29

ஒரு அதிசயம். இந்த ஊரில் யாருக்கும் சத்தி இல்லை. எங்கள் ஊரில் பிள்ளை வயிற்றில் தங்கினால் விடிந்ததும் கிணற்றடியில் நின்று சத்தி எடுப்பார்கள். இங்கே கர்ப்பிணியோ காய்ச்சல்காரரோ, "சத்தி இருக்கோ?" என்று கேட்டால் ஒரே பதில், "சத்தியே இல்லம்மா." கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த வயிறு, இரும்பு! இவரிடம் சொன்னேன். "பொறாமையா?" என்றார்.

ஜூன் 17

பேப்பரில் போட்டிருக்கிறது. இலங்கையில் இனிச் சிங்களம் மட்டுந்தானாம், மசோதா நிறைவேறிவிட்டதாம். அங்கே என் தமிழ் வேண்டாம். இங்கே என் தமிழ் தமிழே இல்லை. நான் எங்கே போய்ப் பேசுவது? இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

ஜூன் 19

முனிலட்சுமி என்று ஒரு சின்னப் பெண், முதல் கர்ப்பம், மூன்றாம் மாதம். மாமியார் சென்னம்மாள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. சத்தி இருக்கோ என்று கேட்டேன். "சத்தியே இல்லம்மா" என்றாள் மாமியார். வெறும் சோர்வு. டானிக் கொடுத்து அனுப்பினேன். மழைத் தூறல், கூட்டம் அதிகம்.

ஜூன் 23

முனிலட்சுமியை இன்றைக்கு மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நாக்கு வறண்டு கிடக்கிறது, கண் உள்ளே போய்விட்டது, நாடி கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்று கத்தினேன். சென்னம்மாள் அழுதாள்: "தண்ணி குடிச்சாக்கூட வாந்திம்மா. நீங்க குடுத்த டானிக்கும் அப்படியே வெளிய வந்துட்டுது."

"அண்டைக்குக் கேட்டனான்தானே, சத்தி இருக்கோ எண்டு?"

"கேட்டீங்க. எழுந்து நிக்கவே சத்தியில்லாத பொண்ணும்மா. அதான் இல்லன்னேன்."

நஞ்சம்மாவைப் பார்த்தேன். அவள் விழித்தாள். "நானும் அப்படித்தாம்மா தெலுங்குல கேட்டுட்டு இருக்கேன். பலம் உந்தா, பலம் உந்தான்னு. சத்தின்னா பலந்தானே?"

ஐயோ. இவ்வளவு நாளும் நான் இந்தச் சனத்திட்ட என்னத்தைக் கேட்டனான்? பலம் இருக்கோ எண்டு கேட்டு, இல்லை எண்டதும் சந்தோஷமா எழுதி வைச்சிருக்கிறன்! எங்கட சத்திதான் இங்க வாந்தி. அந்தச் சொல்லு எனக்குத் தெரியாததோ? படிச்சிருக்கிறன். வாயில வரேல்லை. கோதாரி விழுந்த வாய்.

மருந்தகத்து டாக்டர் ஓசூரிலிருந்து வந்து சேரும்வரை நானே நரம்பு தேடி உப்புநீர் ஏற்றினேன். நரம்பு அகப்படவில்லை. குத்திக் குத்திக் கடைசியில் காலில் அகப்பட்டது. தாயோ பிள்ளையோ, இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

ஜூன் 24

உயிர் இருக்கிறது.

ஜூன் 26

அவள் ஒரு வாய் கஞ்சி குடித்தாள், தங்கியது. பிள்ளை தங்குமா என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். திருப்பத்தானே செய்வாள்!

இவரிடம் சொல்லிவிட்டேன், இனி அந்த மருந்தகத்துக்குப் போகமாட்டேன் என்று. "மாட்டுக்கு வாயில்லை. அதுக்கே நான் வைத்தியம் பாக்கிறன். அந்தச் சனத்துக்கு வாயிருக்கு. நீர் கேட்டுப் பழகும்" என்றார். பெரிய புத்திமான். கோபத்தில் சோற்றைக் குழைய விட்டுவிட்டேன்.

ஜூலை 3

போகத்தான் போனேன். வேறு நர்ஸ் யார் இருக்கிறார்கள்? நஞ்சம்மாவைப் பிடித்து உட்கார வைத்து, வாந்திக்குத் தெலுங்கில் என்ன என்றேன். "வாந்தி." கன்னடத்தில்? "வாந்தி." மூன்று பாஷைக்கும் ஒரே சொல்! உலகத்தில் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான்.

ஜூலை 30

முனிலட்சுமி வீட்டுக்குப் போனவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்: "அந்தம்மா எதைக் கேட்டாலும் ஆமா இல்லன்னு சொல்லாதீங்க. என்னன்னு திருப்பிக் கேளுங்க." வந்து சேர்ந்தது வினை. பெயர் என்ன என்றால் "என்னன்னா?" நாக்கை நீட்டு என்றால் "என்னன்னா?" ஒருவருக்கு மருந்து கொடுப்பதற்குள் தொண்டை வற்றுகிறது. விசர் பிடிக்கும் எனக்கு. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆகஸ்ட் 21

முனிலட்சுமி வந்தாள். வயிறு கொஞ்சம் தெரிகிறது. ஆனால் இந்த நாளெல்லாம் உள்ளே இருக்கிறது உயிரோடுதான் இருக்கிறதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எனக்குப் பயம், அவளுக்கும் பயம். என்னை மறந்து எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டுவிட்டேன்: "பிள்ளை துடிக்குதோ?"

சென்னம்மாள், "ஐயோ, அதெல்லாம் இல்லம்மா" என்று ஆரம்பித்தாள்.

"இரு அத்தே." முனிலட்சுமி என்னையே பார்த்தாள். "துடிக்குதுன்னா என்னாம்மா?"

துடிப்பென்றால் இவர்களுக்கு வேதனை. அவள் கையை எடுத்து அவள் வயிற்றிலேயே வைத்தேன். "உள்ளுக்க ஏதாவது அசையுதோ?"

கையை அங்கேயே அழுத்திப் பார்த்தாள். "முந்தாநேத்துலருந்து ஏதோ மீன் மாதிரி பொரளுதும்மா. வாயுன்னு இஞ்சிச்சாறு குடிச்சேன்."

"வாயுவில்லையடி. கொழந்தை."

மாமியாரும் மருமகளும் சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, கோதாரி.