வாலைப் பற்றியே எழுது

மோதி பாக்,
புது தில்லி,
7-11-1977.

என் கண்ணான பேத்தி பூங்கோதைக்கு ஆச்சி ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம். குளிர் ஆரம்பித்துவிட்டது. பஞ்சு ரஜாய்ப் போர்வைகளை வெயிலில் போட எடுத்தபோது உன் தம்பியுடையதும் கூட வந்தது. உன் அம்மா அதையும் உதறிக் கொடியில் போட்டாள்.

அப்பா ஏன் பதில் போடுவதில்லை என்று கேட்டிருக்கிறாய். மறைத்து என்ன ஆகப் போகிறது? தம்பி நல்லசிவம் நம்மை விட்டுப் போனதிலிருந்து உன் கடிதம் எதையும் அவன் தொடுவதில்லை. நான்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்.

முன்பெல்லாம் அப்படியா? கிருமியின் வாலைப் பற்றி நீ எழுதியதை ஆபீசில் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். மேஜை விசிறியை வைத்துக்கொண்டு எனக்கும் உன் தம்பிக்கும் பாடம் நடத்துவான். கிருமியின் தோலில் வளையம் வளையமாக ஒரு மோட்டார், வெளியே வளைந்த கொக்கி, கொக்கியிலிருந்து திருகாணி போல நீண்ட நூல், அதுதான் வால், அது சாட்டை மாதிரி வீசுவதில்லை, சுற்றுகிறது என்பான். எல்லா வாலும் ஒரு பக்கமாகச் சுற்றினால் சடை போலச் சேர்ந்து கிருமியை நேரே தள்ளுமாம். மாற்றிச் சுற்றினால் சடை பிரிந்து, கிருமி குட்டிக்கரணம் போட்டு வேறு பக்கம் திரும்புமாம். நல்லசிவம் கூடத்திலேயே போட்டுக் காட்டினான். நானும் சும்மா இருந்தேனா? என் பேத்தி அமெரிக்காவில் கிருமி வாலைப் படிக்கிறாள் என்று பால் பூத் வரிசையில் நின்று சொன்னேன். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரி, "அச்சா மாஜி, அப்போ உடம்பை யார் படிக்கிறது?" என்று சிரித்தாள். அதையும் அவளே படிப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன் தம்பிக்கு டைபாய்டு என்று தெரிந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நீ பார்ப்பது எலிக்குக் காய்ச்சல் தரும் கிருமி, டைபாய்டு கிருமி அதற்குப் பங்காளி என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். காரியம் முடிந்த அன்று உன் அப்பா, "அந்த வாலு இல்லேன்னா அது எம்பிள்ளைகிட்ட வந்திருக்குமா? அதைப் போயி இவ அழகுன்னு எழுதுதா" என்றான்.

இப்போது நீயும், லென்ஸில் கண்ணை வைத்தால் தம்பி முகம்தான் தெரிகிறது, இந்தப் படிப்பை விட்டுவிடட்டுமா ஆச்சி என்று கேட்கிறாய். அஞ்சாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது?

போன வாரம் மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். ரத்தத்தைப் பார்த்து டைபாய்டு என்று எப்படிச் சொன்னீர்கள் என்று டாக்டரம்மாவிடம் என் காய்கறிக்கடை ஹிந்தியில் கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். செத்த கிருமியை வாலோடு எடுத்து, ரத்தத்திலிருந்து தெளிந்த நீரில் கலப்பார்களாம். அந்தக் கிருமியோடு சண்டை போட்ட ரத்தமானால் வாலைப் பிடித்துக்கொள்ளுமாம். கிருமிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளுமாம். நம் பிள்ளையின் ரத்தம் நன்றாகப் பிடித்ததாம்.

நாங்கள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவன் உள்ளுக்குள் அதன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான், பூங்கோதை. பன்னிரண்டு வயதில், தனியாக. அவன் பிடித்ததை நீ விடலாமா? இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. ஆகஸ்டில் நீ போட்ட கடிதம் ஒன்று அவன் போன அன்று வந்து சேர்ந்தது. பிரிக்காமலே கிடந்ததை நேற்றுதான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். உன் அப்பா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "தம்பியிடம் சொல்லுங்கள், வாலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவிட்டால் கிருமியின் உடம்பே பம்பரமாகச் சுற்றுகிறது" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் எழுத்தைக் கண்ணீர் மறைத்தது. நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, "ஏம்மா நிப்பாட்டிட்ட? மேல படி" என்று குரல் வந்தது. அவன் திரும்பிப் படுக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னான். நான் முழுவதும் படித்தேன்.

ஆகையால் அப்பாவுக்கென்று தனியாக எழுத வேண்டாம். எனக்கே எழுது. வாலைப் பற்றியே எழுது, நீளமாக எழுது. உள்ளறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

காந்திமதி அம்மன் உனக்குத் துணை இருப்பாள். அமெரிக்காவானாலும் தண்ணீரைக் காய்ச்சியே குடி, தாயே.

உன் ஆச்சி,
வள்ளியம்மை