மூன்று வருஷம் மண்ணில் கிடந்த கட்டைகள்

1933 ஒக்டோபர் 12, வியாழன். கண்டி.

கோபம் இன்னும் ஆறவில்லை.

ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை வேண்டுமென்று மலைக்காட்டில் பெருமரங்களாகப் பார்த்து வெட்டுகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் மரத்துக்குக் கறையான் அரிக்காதபடி எண்ணெய் ஊட்டினால் அதுவே போதும் என்பது என் கட்சி. அதைச் சோதிக்கத்தான் மூன்று வருஷத்துக்கு முன் மடுல்கெல்லத் தோட்டமொன்றிலிருந்து அந்த மரம் கொண்டுவந்து, எண்ணெய் ஊட்டியும் ஊட்டாமலும் எங்கள் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் புதைத்தேன்.

இன்று என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் தோண்டினோம். எண்ணெய் ஊட்டாததெல்லாம் கறையான் அரித்து உதிர்ந்தது. ஊட்டியதில் எங்கள் தச்சர் யூசுப் நானா கோடரியால் ஒரு போடு போட்டார். கணீரென்றது.

துரை குனிந்துகூடப் பார்க்கவில்லை. காட்டு மரத்துக்கு ஏற்கெனவே ஓடர் கொடுத்தாகிவிட்டதாம். "மூன்று வருஷம் போதாது. சரிவராது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வை" என்றார்.

"கண்டதைத்தான் எழுதுவேன். மற்றதை எழுத வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். என் இங்கிலீஷ் இவ்வளவு தெளிவாக எனக்கே கேட்டதில்லை.

கட்டைகளை எரிக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

"என்ன சேர் செய்யிற? எரிக்கவா?" என்றார் நானா.

"மூண்டு வருஷம் காணாதெண்டுதானே சொல்லுறார்? ஆறு வருஷம் கிடக்கட்டும். மண்வெட்டியை எடுங்கோ நானா."

அதே குழிகளில் திரும்பப் புதைத்தோம். பிறகு கண்டதைக் கண்டபடி எழுதி, கையெழுத்து வைத்து, துரையின் மேசையில் போட்டுவிட்டு வந்தேன்.

வேலை போகலாம். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, காலையில் சொல்ல வேண்டும். அவள் அழுதாலும் அந்த அறிக்கையைத் திரும்ப வாங்க மாட்டேன்.