லொறிக் கதவில் ஒரு பெயர்

ஏறாவூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பு மகள் பர்ஸானா அறிய,

உன் மீதும் மருமகன் மீதும் பேரப்பிள்ளை மீதும் ஸலாம் உண்டாகட்டும். வாப்பா உசனார் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி இர்ஷானா எழுதுகிறாள். நானும் உன் உம்மா ஸஹீதாவும் சுகம். என் முழங்கால் பழையபடிதான். கத்தாரில் வெயில் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பிள்ளையை மதியத்தில் வெளியே விடாதே. வாவியில் இந்த மாதம் இறால் நல்லாய் விழுகிறது. உம்மா உனக்கென்று காயவைத்திருக்கிறாள், வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவாள்.

இதை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். இர்ஷானா இதைப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள்.

விஷயம் என்னோடு சேர்ந்து தொழில் தொடங்கின நளீரின் கம்பனியைப் பற்றியது. குப்பை அள்ளும் கம்பனிகளைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளை நீ சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறாய் அல்லவா, அதில் நளீரின் கட்டுரையை இர்ஷானா எனக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அடிக்கடி வாசித்துக் காட்டுவாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் அது முழுக்க எனக்குப் பாடம். '2002இல் நளீர் அவர்களால் ஒரேயொரு லொறியுடன் தொடங்கப்பட்டது.' லொறி ஒன்றுதான், சரி. அதை ஓட்டியது யார்? அந்தக் கோழிக்கடைச் சந்தில் பின்பக்கமாகவே அரை மைல் கொண்டுபோனது யார்? நளீர் பக்கத்துச் சீட்டில் இருந்து கொப்பியில் எழுதுவான். எழுதத் தெரிந்தவன் நிறுவனர் ஆகிவிட்டான். பக்கத்தில் அவன் படம் வேறு, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு.

உன் உம்மா என்னைக் கேலி பண்ணுகிறாள். "நளீர்ர பேரச் சொல்லாட்டி ஒங்களுக்குச் சோறு எறங்காதோ?" என்கிறாள். இறங்குகிறதுதான், ஆனால் சுவை இல்லை. அவன் ஹஜ்ஜுக்குப் போன வருடம் எனக்குக் காய்ச்சல். அவன் மாடி கட்டின வருடம் நான் நம்மட கூரைக்கு ஓடு மாற்ற முடியாமல் தகரம் போட்டேன். ஒவ்வொன்றும் எந்த மாதம் என்றுகூடச் சொல்லுவேன்.

அவன் மகன் பஹ்மி, கம்பனியை இப்போது நடத்துகிறவன், அந்தக் கட்டுரையில் 'கிழக்கின் முன்னோடி', 'ஈடிணையற்ற சேவை' என்றெல்லாம் எழுதிவைத்தபோது நீ ஒன்று விடாமல் வெட்டினாய். விளம்பரச் சொல் அங்கே நிற்க ஏலாது என்று காரணமும் எழுதினாயாம். அன்றைக்கு நான் இரண்டு தேத்தண்ணி குடித்தேன். ஆனால் என் பெயரையும் நிறுவனர் என்று போடு என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "வாப்பாட பேர மகள் எழுத ஏலா, வாப்பா. வேற ஆள் எழுதோணும். அதுக்கும் அச்சில வந்த ஆதாரம் வேணும்." ஊரில் உள்ள யாரும் எழுதலாம், பெற்ற மகள் எழுதக் கூடாது. உனக்கு நான் வாப்பாவாக இருப்பதே எனக்கு வினையாகப் போயிற்று. அந்தக் கோபத்தில் ஒரு மாதம் உன்னோடு சரியாய்ப் பேசவில்லை, அது உனக்கும் தெரியும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த வரி ஒன்றே ஒன்றுதான். '2012இல் இந்நிறுவனத்தின் லொறி கோழிக் கழிவுகளை வாவிக்கரையில் கொட்டியதாகப் படத்துடன் செய்தி வெளியானது.' பஹ்மி அதை மூன்று தரம் நீக்கினான். நீ மூன்று தரமும் திருப்பி வைத்தாய், ஆதாரம் உள்ள வரியை நீக்குவதென்றால் எதிர் ஆதாரம் தரவேண்டும் என்று. இர்ஷானாவை அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த வரியைப் படித்துவிட்டுக் கல்குடாப் பக்கத்து ஹோட்டல்காரன் ஒருவன் ஒப்பந்தம் கேட்டுப் போன பஹ்மியைத் திருப்பி அனுப்பினானாம். பொய் சொல்ல மாட்டேன், கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

இனி வருவதை எழுத மாட்டேன் என்று இர்ஷானா பேனையை வைத்துவிட்டாள். "ராத்தா இத வாசிக்கத் தேவல்ல வாப்பா" என்று அழுதாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

அந்த லொறி என்னுடையது, மகள்.

நீ ஏழு வயதில், எழுத்துக் கூட்டப் பழகின புதிதில், வாசலில் நின்ற லொறியின் கதவை விரலால் தடவித் தடவி வாசித்தாய். "வாப்பா, இதுல ஒங்கட பேர் இல்லியே" என்றாய். இரண்டு வரி எழுதியிருந்தது. மேல் வரி நளீர், கீழ் வரி நான் என்றுதான் ஒன்றரை வருடம் நினைத்துக்கொண்டு ஓட்டினேன். கீழ் வரி ஊர்ப் பெயராம். நளீரிடம் கேட்டேன். "பெயின்ற் அடிச்சவன் எடமில்லண்டான் மச்சான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்போடு பங்கு முறிந்தது. 2005இல் லொறி எனக்கு, கடைகளும் கம்பனிப் பெயரும் அவனுக்கு.

நான் கதவுக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. அந்தப் பெயரைக் கண்டால் சில கடைக்காரர் கேள்வி கேட்காமல் கழிவைத் தருவார்கள், அது ஒரு காரணம். 2012இல் ஒரு நாள், பின்னேரம், குப்பை மேட்டுக்குப் போகச் சோம்பல், பஞ்சிப்பட்டு, கரைச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களுக்குப் பின்னால் வாவியில் கொட்டினேன். பஞ்சி என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. கதவு தெருவைப் பார்க்கும்படி லொறியைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் கொட்டினேன். ஒரு கிழமை, ஏழு நாளும், மீன்பிடிக்காரர் வலையில் இறகும் குடலும் வந்தது. ஆயிஷா உம்மா வீட்டு வலையை இரண்டு நாள் வெயிலில் போட்டும் நாற்றம் போகவில்லை. அவர்கள் நளீரைச் சபித்தார்கள். நான் அவர்களோடு நின்று தலையாட்டினேன்.

போன செவ்வாய் அஸருக்குப் பள்ளிவாசலில் வுழூச் செய்து கைகால் கழுவும்போது நளீர் எனக்குப் பக்கத்தில் இருந்தான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன மச்சான், கொம்பியூட்டர்ல கிடக்கிற குப்பய இன்னும் அள்ளி முடியல்லியா?" என்று கேட்டேன். அவன் நிமிரவில்லை, காலைக் கழுவிக்கொண்டே சொன்னான். "அந்தப் பேப்பர்ப் படத்த நல்லாப் பாத்தியா உசனார்? லொறிட ஒரு லைட் சதுரம், மத்தது வட்டம். வட்ட லைட்டப் பூட்டினவன் நான். செங்கலடிச் சந்தியில நீ கொண்டுபோய் இடிச்சதுக்குப் பொறகு."

படம் வந்த அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பஹ்மிக்குக்கூடச் சொல்லவில்லை. ஏன்டா பேப்பர்காரனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "கதவுல என்ட பேர மட்டும் எழுதுவிச்சவன் நான். வந்தத நானே தாங்கோணும் எண்டு விட்டுட்டன்" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். தோளோடு தோள் உரச அவனுக்குப் பக்கத்தில் நின்று தொழுதேன். என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

மகள், வீட்டையும் காரையும் கண்டு நான் வயிறெரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை. அவன் ஏமாற்றினவன், நான் ஏமாந்தவன் என்ற இடம் ஒன்று எனக்கு இருந்தது. இருபது வருடமாக நான் குந்தியிருந்த இடம் அது. செவ்வாய்க்கிழமை அதையும் அவன் எடுத்துக்கொண்டான். பதின்மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்து என்னைவிட நல்லவனாகவும் ஆகிவிட்டான். அதை அவனிடம் விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

நேற்று இர்ஷானாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன். அன்று படம் எடுத்த ஹரல்ட் இன்னும் அதே பத்திரிகைக்குத்தான் எழுதுகிறார். நான் சொன்னதைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வழக்கு வரப் பயந்து ஆக்கள் என்ட வீட்டுப் பக்கம் வராம ஓடுவாங்க, நீங்க பஸ் புடிச்சு வந்து சொல்றீங்களே ஐயா" என்றார். பழைய படத்தைத் தேடி எடுத்தார். விளக்கு இரண்டும் நளீர் சொன்னபடியே இருந்தன. பெயரைப் போடவா வேண்டாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். சொன்னதை அவர் எழுதி வாசித்துக் காட்ட, கீழே பெருவிரல் வைத்தேன். நாளைமறுநாள் ஞாயிறு பேப்பரில் வருகிறது.

உன் மாமி வீட்டாரும் அதைப் படிப்பார்கள். "பொண்ணுட மொகத்த நெனச்சீங்களா?" என்று உன் உம்மா கேட்டாள். நினைத்தேன். நினைத்துத்தான் மற்றவர்கள் சொல்லி நீ அறிவதற்கு முன்னால் நானே சொல்கிறேன். உன் கண்ணுக்கு முன்னால் நின்று சொல்லத் தைரியம் இல்லை.

இனி உன் வேலை. நீ பஹ்மியிடம் கேட்ட எதிர் ஆதாரம் அச்சில் வருகிறது. அந்த வரியை நீ தொடாதே, வாப்பாவுடைய விஷயம் மகள் எழுத ஏலாது என்று நீயே சொன்னாய். அங்கே உன்னோடு வேலை செய்கிற வேறு யாரிடமாவது ஒப்படை. நான் யாருக்கு வாப்பா என்பதையும் அவர்களிடம் மறைக்காதே. கொட்டினது யார் என்று இருக்கிறபடி எழுதட்டும். வயது போனவர், ஏழை, மனம் வருந்தினார் என்று யாராவது மெழுகினால் அது வேண்டாம். அதே மாதிரி, நளீர் பெருந்தன்மையோடு மௌனம் காத்தார் என்று எவனாவது எழுதினால் உடனே வெட்டச் சொல். அது விளம்பரச் சொல்.

ஹரல்ட் என்னை 'நளீரின் ஆரம்பகாலப் பங்காளி உசனார்' என்று எழுதியிருக்கிறார். இர்ஷானா வாசித்தபோது திரும்ப வாசிக்கச் சொன்னேன். அதற்காகத்தான் வாப்பா பட்டணம் போனார் என்று நீ நினைத்தால், முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அல்லாஹ் உன் கையை நேராக வைத்திருக்கட்டும். உன் பிள்ளைக்கு நல்ல வாப்பா நிலைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ என்னை என்ன சொல்லி அழைத்தாலும் கேட்டுக்கொள்வேன், மகள். அழைக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வாப்பா உசனார்