மெசின் விட்ட ஓரம்

நவம்பர் 14, செவ்வாய்

இல்லை, அகலம் அல்ல பிரச்சினை. அறுபத்தொரு சென்ரிமீற்றரோ எழுபத்தொன்றோ, எதை வாங்கினாலும் பனி ஒதுங்கும். பிரச்சினை நேரம். முதல் பனி விழுவதற்கு முன் பனி எறியும் மெசின் வீட்டில் நிற்க வேண்டும். நின்றால் அப்பா பனி அள்ளும் சவளைத் தொடமாட்டார். அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

செப்ரெம்பரில் அப்பாவின் இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ற் வைத்தார்கள். வீட்டுக்கு விடும் நாளில் டொக்டர் ஒன்று கேட்டார்: வீட்டில் கார் ஏறும் பாதை இருக்கிறதா? இந்த நாட்டில் இதய டொக்டர்கள் இப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. "சின்னன்தான்" என்றார் அப்பா, நோர்வேஜிய மொழியில். இனிமேல் பனி அள்ளவே கூடாது என்றார் டொக்டர். குளிருக்குள் குனிந்து பாரம் தூக்கும்போதுதான் பலர் விழுகிறார்களாம்.

இன்று நாடா பிடித்துப் பாதையை அளந்தேன். இருபத்திரண்டு மீற்றர். சரிவு வேறு.

நவம்பர் 16, வியாழன்

மூன்று மெசின்களை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். இரவுச் சாப்பாட்டின்போது அப்பா வாசித்தார். பஸ் நேர அட்டவணையை வாசிப்பதுபோல, மேலிருந்து கீழாக.

"வயர் இழுக்கிறது சரிவராது. காலுக்குள்ளை சுத்தும்."

"பற்றரி?"

"உந்தக் குளிருக்குப் பற்றரி செத்துப்போம்."

"அப்ப பெற்றோல்."

"விடிய அஞ்சரைக்கு அந்தச் சத்தத்தைப் போட்டா அயல்சனம் என்ன நினைக்கும், ஆரபி?"

"ஏன் அஞ்சரைக்கு, அப்பா? இப்ப நீங்கள் வேலைக்குப் போறேல்லையே."

அப்பா சோறு நிறையச் சொதியை ஊற்றினார். அம்மா என்னைப் பார்த்தார்.

பதினெட்டு வருடம் அவர் ஓட்டியது விடியற்காலைப் பஸ். ஐந்தரைக்குப் பாதை வழித்தால்தான் கார் இறங்கும். இப்போது மருத்துவ விடுப்பு. பயணிகளை ஏற்ற அனுமதி இல்லை. அது எனக்குத் தெரியும்தானே. தெரிந்துகொண்டுதான் கேட்டேனா?

நவம்பர் 19, ஞாயிறு

இன்றும் பனி இல்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நவம்பர் 25, சனி

மகேந்திரராசா மாமாவுடன் கடைக்குப் போனேன். அப்பாவின் பழைய பஸ் நண்பர், லில்லெஸ்ட்ரோமில் வீடு, இழுவைப் பெட்டி பூட்டிய கார். இரண்டு குளிர்காலமாக மெசின் வைத்திருக்கிறார், ஆகவே பேராசிரியர்.

கடைக்காரன் முதலில் கேட்டது: பாதை தார் போட்டதா, சல்லியா?

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். பதினொரு வருடம் அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். பிறகுதான் சப்பாத்தின் கீழ் நொறுங்கும் சத்தம் ஞாபகம் வந்தது. சல்லி.

அப்படியென்றால் சின்ன மெசின்கள் எதுவும் சரிவராதாம். அவை தரையைச் சுரண்டும், கல்லை அள்ளி யன்னலுக்கு எறியும். இரண்டு கட்டமாக வேலை செய்யும் பெரியது வேண்டும். முன்னால் சுருள் பனியை அரைக்கும், பின்னால் விசிறி தூக்கி எறியும், அடியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிரிட்ஜில் ஒட்டிய என் தாள் முழுவதும் பிழை.

"யார் பிடிப்பது?" என்று கேட்டான் கடைக்காரன்.

"நான்" என்றேன்.

மகேந்திரராசா மாமா சிரித்தார். "பெட்டை, அது உன்னை இழுத்துக்கொண்டு புருசெத் ஊரையே தாண்டிப் போய்விடும். நீ புத்தகத்தைப் பிடி."

பிறகு தானே அதன் கைப்பிடியை என் கைக்குள் வைத்து, "இதை விட்டா நிண்டிடும். பயப்பிடாதை. விட்டா நிண்டிடும்" என்று மூன்று தரம் சொன்னார்.

கையிருப்பு இல்லை. நோர்வேஜியர்கள் ஓகஸ்ரிலேயே வாங்கிவிடுகிறார்களாம். டிசெம்பர் எட்டாம் திகதி வரும்.

பதின்மூன்று நாள்.

நவம்பர் 29, புதன்

சத்தம்தான் எழுப்பியது. சல்லியில் சவள் உரசும் சத்தம். பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு படுப்பேன். இன்று கால்மேசும் இல்லாமல் வெளியே ஓடினேன். முதல் பனி, அதற்குள் அப்பா.

"பஞ்சு மாதிரிக் கிடக்கு, பிள்ளை. இதிலை என்ன பாரம்?"

சவளைப் பறித்தேன். கராஜுக்குள் போய் இன்னொன்றோடு வந்தார். அதையும் பறித்தேன். மூன்றாவது இருப்பது எனக்கு நினைவில்லை, அவருக்கு இருந்தது. மூன்றையும் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டித் திறப்பை இரவுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு இருபத்தாறு வயது. பல்கலைக்கழகத்தில் அதிகாரம் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன்.

குளித்துவிட்டு வந்து யன்னலால் பார்த்தால் அப்பா அரிசி வாளியின் மூடியால் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார்.

டிசெம்பர் 8, வெள்ளி

வந்துவிட்டது. செம்மஞ்சள் நிறம். கன்றுக்குட்டி அளவு. நோர்வேஜியர்கள் ஃப்ரேசர் என்கிறார்கள், அம்மா "வண்டில்" என்கிறார்.

வண்டில் என்றால் சும்மா ஓட்டமுடியுமா? சந்தனம், குங்குமம். சக்கரத்துக்குக் கீழே வைத்து நசுக்க நான்கு தேசிக்காயோடு வந்த அம்மா இரண்டே சக்கரத்தைக் கண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மிச்ச இரண்டையும் முன் சுருளுக்குக் கீழே வைத்தார். பாதை வீதியில் முட்டும் இடத்தில் தேங்காய் உடைத்தார். ஒரு பாதி காலடியில் விழுந்தது. மற்றது தபால் பெட்டிப் பக்கம் உருண்டு பனிக்குள் போய்விட்டது. நான் தேடக் குனிந்தேன்.

"விடு, கிடக்கட்டும். அது உருண்டா உருண்டதுதான்."

அப்பா படியில் நின்று பார்த்தார். "நல்ல சாமான்" என்றார். வேறு யாருடையதோ கலியாண வீட்டில் பரிசைப் பார்த்துச் சொல்வதுபோல. தொடவில்லை.

பெட்டி, கடதாசி எல்லாவற்றையும் நானே மீள்சுழற்சிக்குக் கொண்டுபோனேன். வீடு துப்புரவானது. சந்தோஷமாக இருந்தேன், எழுதி வைக்கிறேன்.

டிசெம்பர் 11, திங்கள்

ஓடுகிறது! பத்துச் சென்ரிமீற்றர் பனி. இருபத்திரண்டு மீற்றர், அரைமணி. விட்டால் நிற்கிறது.

அப்பா யன்னலில். கண்ணாடியைத் தட்டித் தட்டி இடம் காட்டினார். அங்கை, அங்கை. மெசின் ஓரத்தில் ஒரு சாண் விட்டுவிட்டுத்தான் போகிறது. மதில் கரையில் அதைக் கொண்டுபோக எனக்குப் பயம்.

நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓரம் மட்டும்."

"அப்பா—"

"ஓரம் மட்டும், பிள்ளை. நாலு சவள். ஓரம் விட்டா இறுகி ஐஸாகி உள்ளுக்கு உள்ளுக்கு வரும். மார்கழியிலை விட்டது மாசியிலை பாதையைக் கால்வாசி திண்டுபோடும்."

காரைத் திறந்து ஒரு சவளைக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

ஐந்து நிமிடம்தான் அள்ளினார். விசிலடித்தபடி உள்ளே வந்தார். செப்ரெம்பருக்குப் பிறகு முதல் விசில்.

டிசெம்பர் 20, புதன்

நான் நடு. அப்பா ஓரம். நன்றாகத்தான் போகிறது. ஏன் ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன்? இன்று பதினேழு சவள்.

ஜனவரி 5, வெள்ளி

மூன்றாம் திகதியை இன்று எழுதுகிறேன்.

இரவு முழுக்கக் கொட்டியது. முழங்கால் வரை. ஆறு மணிக்கு வீதி துப்புரவாக்கும் பெரிய வண்டி போய், வழித்ததை எல்லாம் எங்கள் வாசலில் குவித்துவிட்டது. அது பனி இல்லை. சீமெந்து. இடுப்பு உயரம்.

பாதையை முடித்துவிட்டு அந்த மேட்டில் மெசினை விட்டேன். முதல் கடி சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் டங் என்று ஒரு சத்தம். கைப்பிடியை விட்டேன். நின்றது. திரும்பப் பிடித்தேன், எஞ்சின் ஓடுகிறது, வலப்பக்கச் சுருள் சும்மா ஆடுகிறது.

குனிந்து பார்த்தேன். சுருளுக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்காய்ப் பாதி. கல்லாக உறைந்து, உள்ளே இன்னும் வெள்ளை.

சுருளைப் பிடிக்கும் போல்ற் அறுந்துவிட்டது. இரண்டு மாற்றுப் போல்ற் பெட்டிக்குள் இருக்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. பெட்டிக்குள். நான் எறிந்த பெட்டி.

அப்பா பக்கத்தில் நின்றார். எப்போது வந்தார் தெரியாது. சவளின் நுனியால் தேங்காயை நெம்பி எடுத்தார், பார்த்தார், மதிலுக்கு அங்காலே எறிந்தார்.

"கொம்மாட்டைச் சொல்லாதை" என்றார், அம்மா நிற்கும் குசினிப் பக்கம் பார்த்து.

பிறகு அள்ளத் தொடங்கினார். நான் சொன்னேன், வேண்டாம் எண்டு சொன்னேன். மத்தியானம் செய்வம், ஆரையும் கூப்பிடுவம், மாமாவைக் கூப்பிடுவம் எண்டு சொன்னேன். கையைப் பிடிச்சேன். "தள்ளி நில் பிள்ளை, முகத்திலை பட்டிடும்." கத்தினேன். என்ன செய்ய? நானும் சவள் எடுத்து அள்ளினேன். அவர் ஒண்டு, நான் ஒண்டு. கெதியா முடிஞ்சா கெதியா உள்ளுக்குப் போவார் எண்டு. எவ்வளவு மடைச்சி. நான் கெதியா அள்ள அவரும் கெதியா அள்ளினார்.

ஒரு காரின் அகலத்தில் பாதிதான் வெட்டியிருந்தோம். அவர் சவளை நட்டுவிட்டு மேட்டில் இருந்தார். களைப்பாறுகிறார் என்று நினைத்தேன். இரண்டு சவள் பனி நான் இன்னும் அள்ளினேன். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

நூற்றுப்பதின்மூன்றுக்குப் போன் அடித்தேன். பதினொரு நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்தது. மேட்டைத் தாண்ட முடியாமல் வீதியில் நின்றது. தூக்குப் படுக்கையை அந்தப் பாதி வெட்டிய இடுக்கால் கொண்டுபோனார்கள். அதன் அகலம் போதுமாக இருந்தது. சரியாகப் போதுமாக.

ஜனவரி 7, ஞாயிறு

உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள். இதயத்தின் ஒரு பகுதி இனி வேலை செய்யாது என்கிறார்கள். இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

குழாய்களுக்கு நடுவில் அப்பா கேட்டார்: "வாசல் மேடு?"

"எடுத்தாச்சு, அப்பா."

எடுத்தது முன்வீட்டுக்காரர். கேட்காமலே வந்து வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனவரி 9, செவ்வாய்

அம்மா சோறு வடித்துக்கொண்டே கேட்டார். "அண்டைக்கு அந்த வண்டில் எதிலை பட்டது?"

"கல்லு."

"ஓம். அப்பாவும் கல்லெண்டுதான் சொன்னவர்."

வடித்து முடித்தும் பானையைக் கவிழ்த்தபடியே நின்றார். அவருக்குத் தெரியுமோ? நானும் கல்லு என்றே இருந்தேன்.

ஜனவரி 13, சனி

கடைக்காரன் போல்ற்றைக் கையில் வைத்துக் காட்டினான். மெல்லிய இரும்பு. உடைவதற்கென்றே செய்வதாம். இது அறுந்தால்தான் உள்ளே கியர்பெட்டி தப்பும். பலமான போல்ற் போடுபவர்கள் மெசினையே இழப்பார்கள் என்றான்.

பத்து வாங்கினேன்.

ஜனவரி 22, திங்கள்

அப்பா வீட்டில். படிக்கட்டில் இரண்டு தரம் நின்று ஏறினார். மகேந்திரராசா மாமா வந்து ஒரு மணிநேரம் பஸ் கதை கதைத்தார். "இனி உமக்குத் துரைமார் சீவியம்தான், ஜெயரத்தினம். யன்னலாலை பாத்து ஓடர் போடும்." அப்பா சிரித்தார். மாமா காரில் ஏறிக் கனநேரம் எஞ்சினைப் போடாமல் இருந்ததை நான் பார்த்தேன்.

பெப்ரவரி 6, செவ்வாய்

பதினெட்டுச் சென்ரிமீற்றர். ஐந்து மணிக்கு விழித்துவிட்டேன். சல்லியில் உரசும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி கிடந்தேன். இல்லை. இதைத்தானே வேண்டிக்கொண்டிருந்தேன், நவம்பரிலிருந்து.

மேலே அப்பா முழித்திருக்கிறார், கட்டில் அசைவது கேட்டது. எழும்பவில்லை. நேற்றுப் பகலும் பனி விழுந்தது. எவ்வளவு என்று கேட்கவில்லை. வாசல் மேடு பற்றியும் கேட்கவில்லை. நாற்காலியை யன்னலடியில் போட்டுக்கொடுத்தேன், அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு இருக்கிறார்.

ஐந்தரைக்கு மெசினை இறக்கினேன். அந்தச் சத்தத்தோடு, சனம் என்ன நினைத்தாலும். மேலே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். யாரும் கண்ணாடியில் தட்டவில்லை. திரைச்சீலை மூடியிருந்தது.

நடு முடிந்தது. இரண்டு கரையிலும் பனி இறுகி உள்ளே வரத் தொடங்கியிருக்கிறது, ஒரு சாண் இரண்டு சாணாகிவிட்டது.

மெசினை நிறுத்திவிட்டுச் சவளை எடுத்து ஓரத்தை வெட்டினேன், மதில் கரையிலிருந்து தபால் பெட்டி வரை, பிறகு மற்றப் பக்கம்.