பின்சீற்றும் பெற்றோல் போத்தலும்

ஊர்காவற்றுறை,
முதல் வெள்ளி.

அன்பு மகன் டிலோனுக்கு அம்மா எழுதிறது. மாதாவின்ரை காவலில நானும் அப்பாவும் எழும்பி நடமாடுறம், இந்த வயசுக்கு அது போதும். நீயும் மருமகளும் பிள்ளையளும் அந்தக் குளிருக்கை சுகமா இருக்க வேணுமெண்டு ஒவ்வொரு பூசையிலயும் கேக்கிறன். போனில கதைக்கலாம்தானே, ஏன் கடிதமெண்டு யோசிப்பாய். சில விசயம் வாயால வராது மோனை.

காருக்கு நீ அனுப்பின பார்சல் வந்தது, கூரைத் துணி, கதவுக்கு அடிக்கிற தோல், கம்பளம் ஒண்டும் சேதமில்லை. நாரந்தனையில சீற் தைக்கிற லியோன் ரெண்டு கிழமையா வாறான். எங்கட அந்தப் பழைய ஏ-40 காருக்குள்ள உப்புக் காத்து எல்லாத்தையும் திண்டுபோட்டுது, பழைய கூரைத் துணியை இழுக்க மாவாக் கொட்டினது, முன்சீற்றுத் தும்புக்குள்ள எலி கூடு கட்டியிருந்தது. முன்சீற் இப்ப முடிஞ்சுது. எனக்கு அந்தத் தூசியில மூக்கடைப்பு, தேத்தண்ணி ஊத்தி ஊத்திக் கையும் ஓய்ஞ்சு போச்சு. அப்பா கதிரையைப் போட்டுப் பக்கத்திலயே இருந்து அவனுக்கு ஆக்கினை குடுக்கிறார், ஒரு ஆணியைக்கூட எறிய விடுறாரில்லை. முழங்கால் வீக்கத்துக்குக் கிளினிக் போகச் சொன்னா, சீற் முடியட்டும் எண்டுறார்.

பின்சீற்றை மட்டும் மாத்தாதேங்கோ, அது கொம்பனியிலயிருந்து வந்த தோல், அதுதான் பெறுமதி எண்டு சொல்லியிருந்தாய். அப்பாவும் அதைத் தொட விடேல்லை, ஆனா அவரின்ரை காரணம் வேறை. உன்ரை அக்கா ஜெனீற்றா அந்தச் சீற்றிலதான் என்ரை மடியில கிடந்து மூச்சை விட்டவள். அப்ப உனக்கு எட்டு வயசு, அவளுக்குத் தொய்வு இழுப்புக் கூடினது, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முந்திப் போயிட்டாள் எண்டது மட்டும்தான் உனக்குத் தெரியும். மிச்சத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. தொண்ணூற்று மூண்டில நாங்கள் சண்டையால இடம்பெயர்ந்து சில்லாலையில இருந்தனாங்கள். பெற்றோலுக்குத் தடை, கார் மண்ணெண்ணெயிலதான் ஓடினது, ஆனா ஸ்ராட் பண்ணக் கொஞ்சம் பெற்றோல் விட வேணும், அதை அப்பா ஒரு சின்னப் போத்தலில பொத்திப் பொத்தி வைச்சிருந்தவர். கோயிலில நீ முதல் நன்மை எடுத்து நற்கருணை வாங்கிறதுக்கு முந்தின நாள் உன்ரை வெள்ளைக் காற்சட்டையில சைக்கிள் செயின் கிறீஸ். சவுக்காரத்துக்குப் போகேல்லை. நான் அந்தப் போத்தலை எடுத்து ஊத்தித் தேய்ச்சனான். வெள்ளையாத்தான் வந்தது. மூண்டாம் நாள் அவளுக்கு இழுத்தது, போத்தலில அடி மட்டும்தான் கிடந்தது. அப்பா ஸ்ராட் பண்ணக் காருக்கு முன்னாலை கம்பியைப் போட்டு அரை மணித்தியாலம் சுத்தோ சுத்தெண்டு சுத்தினார். பிறகு கார் வெளிக்கிட்டும், சண்டிலிப்பாய் தாண்ட முந்தி அவள் போயிட்டாள். அண்டையிலயிருந்து அப்பா சொல்லுறது ஒண்டுதான், தான்தான் மூடியை இறுக்காமல் விட்டது, அதால பெற்றோல் ஆவியாப் போச்சு எண்டு. வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார். முப்பது வருசத்துக்கு மேலை நான் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திட்டன், பாவி நான்.

போன செவ்வாய் லியோனுக்கும் அதையே சொன்னார். எனக்கு அலுத்துப் போச்சு மோனை. லியோன் சாப்பிடப் போனாப் பிறகு பக்கத்தில குந்தி எல்லாத்தையும் சொன்னன். அப்பா என்னைப் பாக்கவேயில்லை. அது எனக்கு அப்பவே தெரியும் எண்டார். நீ நன்மை எடுக்கேக்கை உன்ரை காற்சட்டையில பெற்றோல் மணத்ததாம். தெரிஞ்சும் வேறை பெற்றோல் தேடி வைக்காமல், நாளைக்குப் பாப்பமெண்டு விட்டவராம். ஏன் ஊத்தினாய் எண்டு உன்னைக் கேட்டா, ஏன் வேறை தேடேல்லை எண்டு என்னையும் கேக்க வேணுமே, அதுதான் மூடியைச் சொன்னனான் எண்டு என்னட்டைச் சொன்னார். அவளை அடக்கம் பண்ணினதுக்குப் பிறகு அவர் அழுததை அண்டைக்குத்தான் கண்டனான். அடுத்த நாள் காலமை தானே பின்சீற்றைக் கழட்டச் சொல்லி, அந்தத் தோலை வளவுக்கை மண்ணுக்குள்ள தாட்டார். நீ கோவிக்காதை. புதுசு தைக்க ஒரு மாதம் செல்லுமாம்.

இதில உனக்கு ஒரு பங்குமில்லை, போட்டுவிட்ட உடுப்போட கோயிலுக்கு வந்த பிள்ளை நீ, மனசில ஏத்தாதை. அப்பாவோட கதைக்கேக்கை இதை எடுக்காதை. சின்னவளுக்கு இருமல் எண்டாய், அசண்டையா இருக்காமல் டொக்டரிட்டைக் காட்டு. மாதா உங்கள் எல்லாரையும் கைவிடமாட்டா.

இவ்வளவு காலமும் பூசைக்குக் காரில போகேக்கை நான் பின்னுக்கு அந்த மூலையிலதான் இருந்தனான், முன்னுக்கு வா எண்டு அவரும் கூப்பிட்டதில்லை. இண்டைக்குக் காலமை பின்னுக்கு இருக்கச் சீற் இல்லை. அப்பா முன்கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

உன்ரை அம்மா,
மாக்கிறேற்