ஒற்றை முகத்தைப் பார்த்துச் சொன்னது

நேற்று அரூரில் ஒரு பள்ளி நாடகப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒப்பனை அறையைக் கடக்கும்போது மீசை ஒட்டும் பசையின் நெடி மூக்கில் ஏறியது. நின்றுவிட்டேன். அந்த நெடியோடு எனக்கு எப்போதும் இரத்த வாடையும் சேர்ந்தே வரும்.

நமக்குக் கல்யாணமான புதிதில், ஊர் மாட்டுப் பொங்கல் நாடகத்தில் உங்களுக்குத் தம்பியைக் கொல்லும் அண்ணன் வேடம். கிணற்றுப் பங்குக்காக உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் நிஜமாகவே அடிதடி நடந்துகொண்டிருந்த வருடம் அது. அவர் மண்வெட்டிக் காம்பால் அடித்து உங்கள் காதோரம் கிழிந்தது. நீங்கள் அவர் பல் இரண்டை உடைத்தீர்கள். அந்த வேடம் வேண்டாமென்று ஊரே சொன்னது. நான் சொல்லவில்லை. உங்கள் தனிமொழி சரியாக வரவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

“பகையாளியைக் கொல்லக் கத்தி வேண்டும். கூடப் பிறந்தவனைக் கொல்ல இந்தக் கை போதும்.” இதைத் தொண்டை கிழியக் கத்துவீர்கள். கான்வென்ட்டில் சிஸ்டர் ஒரே வாக்கியத்தைக் கெஞ்சலாக, ஏளனமாக, ஆணையாகச் சொல்லவைத்துப் பழக்கிய மாணவி நான். “கொல்லப் போகிறவன் கத்தமாட்டான். தணிந்து சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்க்காதீர்கள், ஒரே ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

“சரிங்க டீச்சரம்மா. தப்பாச் சொன்னா பெஞ்சு மேல ஏத்துவீங்களா?” என்று சிரித்தீர்கள்.

பூசை முடிந்து, பொட்டு வைத்த ஏரும் அரிவாளும் மேடைக்குக் கீழே படைத்தபடி கிடந்தன. ஊர் நாடகத்தில் ஒருவர் தனிமொழி பேசினால் மேடையில் மற்றவர்கள் முதுகு காட்டி நிற்பார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை என்று பொருள். உங்கள் தம்பி மேடையில் இல்லை, முன்வரிசையில் இருந்தார். நீங்கள் கையை நீட்டி, அவர் முகத்தைப் பார்த்து, அவ்வளவு தணிந்து, அவ்வளவு சரியாகச் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அது அடங்குமுன் அவர் அரிவாளோடு மேலே ஏறியிருந்தார். முதல் வெட்டு நீட்டிய கையில். இரண்டாவதும் அதே இடத்தில். முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கியது. ஒட்டுமீசை பாதி பிய்ந்து உங்கள் வாய்க்குள் கிடந்தது. ஜனங்கள் நாடகமென்று கைதட்டினார்கள்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் கையை எடுத்த பிறகு, “ஏன் அவர் முகத்தை?” என்று கேட்டேன்.

“அத்தன கூட்டத்துல எனக்குக் கூச்சமில்லாத மொகம் அது ஒண்ணுதான் புள்ள.”

கோர்ட்டில் அதை நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஒரு முகத்தைப் பார்க்கச் சொன்னது யார் என்று கேள்வி வந்திருக்கும். “தானா அந்தப் பக்கம் திரும்பிட்டனுங்க” என்றீர்கள். கஞ்சி போட்ட சேலையில் நானும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் மிரட்டியதாகவே நம்பிக்கொண்டு அவர் சிறைக்குப் போனார்.

போன வருடம் உங்கள் காரியம் முடிந்த அன்று அவர் என்னிடம் வந்தார். “அண்ணி, அண்ணன் அன்னிக்கு மெய்யாலுமே என்னத்தான் சொன்னாருங்களா?”

“நடிப்பு” என்றேன், வகுப்பில் விடை சொல்லும் குரலில். பாடம் புரியாத பிள்ளைகள் தலையாட்டுவதுபோல ஆட்டினார். அவர் நம்ப இன்னும் ஒரு வாக்கியம் போதும்: அப்படிப் பார்க்கச் சொன்னவள் நான்.

அதன் பிறகு மூன்று முறை வந்துவிட்டார். மூன்று முறையும் காபி கொடுத்து அனுப்பினேன். அந்த வாக்கியத்தை எந்தத் தொனியில் சொல்வதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.