முகுந்தன் அண்ணனின் லோரியில் கருகல் வாடை

அன்புள்ள ரம்லத்துக்கு சலாம். உம்மாவின் மூச்சிரைப்பு தணிந்ததா? கிள்ளானில் நான் சுகமே.

எங்கள் கடை வாடிக்கையாளர் முகுந்தன் அண்ணனின் லோரியில் சப்வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தியிருந்தேன். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அவரே அந்த ஃபியூஸைக் கழற்றிவிட்டு, பேட்டரி வயரை நேராக இணைத்துவிட்டார். நேற்று கடைக்கு வந்தபோது வண்டிக்குள் கருகல் வாடை.

“வயர் உருகுதுண்ணே, இறங்குங்க!” என்றேன்.

“பாட்டு நல்லாத்தானே கேக்குது லா!” என்று சத்தத்தைக் கூட்டினார்.

நானே வயரைப் பிடுங்கினேன். உள்ளங்கையில் சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே. அவர் கோபித்துக்கொண்டு போய், வேறு கடையில் மறுபடி அப்படியே மாட்டிக்கொண்டாராம்.

மகள் ஓதுவதைப் பதிவுசெய்து அனுப்பு. கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

காலையிலிருந்து அண்ணனை அழைக்கிறேன், எடுக்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை போலும்.

முதலாளி கூப்பிடுகிறார். பூச்சோங் போகும் சாலையில் ஒரு லோரி எரிகிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் காதர்